சித்தப்பா காட்டாத க்ளைமாக்ஸ்

எழுபதுகளில் வந்த இங்கிலீஷ் சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்களைப் பற்றி எங்கள் காலேஜில் ஒருத்தனும் என்னிடம் வாய் கொடுக்க மாட்டான். ஒன்பது வயதிலேயே அத்தனையும் பார்த்து முடித்த ஆள் நான் என்று அவ்வளவு சீன் போட்டு வைத்திருந்தேன். போன மாதம் ஃபிலிம் கிளப் பசங்கள் செமினார் ஹாலில் ஒரு வாரம் முழுக்க அந்தக் காலத்துப் படங்களாகப் போட்டார்கள். முதல் நாளே முன் வரிசையில் போய், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.

நிலாவில் ஒரு சுரங்கம். கம்ப்யூட்டர் எல்லாக் கதவையும் பூட்டி வேலையாட்களை உள்ளேயே வைத்திருக்கிறது. கதாநாயகன் குழாய் வழியாக ஊர்ந்து போய் ஒரு வயரைப் பிடுங்குகிறான். சிவப்பு விளக்கு அணைகிறது. அவன் மூச்சு வாங்கிக்கொண்டே நிமிர்கிறான். நான் எழுந்து கைதட்டிவிட்டு, படம் முடிந்தது என்று லைட் போடப் போனேன். பின்னாலிருந்து ஒருத்தன், “டேய், ஒக்காருடா. இன்னும் இருபது நிமிஷம் கீது” என்றான்.

என்னை ஓட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். ஆனால் திரையில் பக்கத்து அறையில் இன்னொரு சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு அதற்கடுத்த அறையில். கதாநாயகன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் நடந்து போய்த் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, விட்ட வேலையைத் தொடர்ந்தான். திரை இருட்டானது.

மறுநாள் வேறு படம், அதே கூத்து. புதுக் கிரகத்தைத் தேடிப் போகும் கப்பலின் ஜன்னலில் பச்சையாக ஒரு கிரகம் தெரிகிறது, எல்லோரும் கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்து படம் அங்கே ஓவர். அங்கே ஓவர் இல்லையாம். அவர்கள் கத்தாமல் கிடக்கட்டும் என்று கம்ப்யூட்டர் போட்டுக் காட்டிய படமாம் அந்தக் கிரகம். அந்த வாரம் பார்த்த ஒவ்வொன்றிலும் எனக்குத் தெரிந்த முடிவுக்குப் பிறகு ஒரு கால் மணியோ அரை மணியோ மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தில் மனுசன் தோற்றான். விதிவிலக்கே கிடையாது.

வெளியே வந்து, சின்ன வயதில் எனக்கு இந்தப் படங்களைக் காட்டிய சித்தப்பாவுக்கு போன் போட்டேன். இப்போது வல்லம் வடகாலில் ஒரு குடோனில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறார், அதுவும் கான்ட்ராக்ட்தான். எல்லாப் படத்தையும் பாதியில் நிறுத்தி ஏமாத்திட்டியே சித்தப்பா என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அந்தப் பக்கம் ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும் பீப் சத்தம் கேட்டது.

“எந்தப் படம்டா?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, லேப்டாப், உன் ரூம் என்று அடுக்கினேன். ஞாபகம் இல்லை, வேலையில் இருக்கிறேன், அப்புறம் பேசு என்று வைத்துவிட்டார். அப்புறம் நானும் பேசவில்லை.

அவருக்கு ஞாபகம் இல்லையென்றால் போகட்டும். எனக்கு இருக்கிறது.

பென்னலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட வரிசையாக ரூம் கட்டியிருந்தார்கள். கடைசி ரூம் சித்தப்பாவுடையது. டிப்ளமோ படித்தபோது அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப் அவரிடம் இருந்தது. ரூம் காலி செய்து போன ஒரு இன்ஜினியர் விட்டுப்போன ஹார்டு டிஸ்க்கில் அந்தப் படங்கள் இருந்தன. ஓவர்டைம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வெந்துகொண்டே பார்ப்போம்.

சப்டைட்டில் கிடையாது. வசனம் சித்தப்பாவுடையது. விண்வெளிக் கப்பலின் கேப்டன், கதவு இன்னாடா தொறக்க மாட்டேங்குது, மெயின்டனன்ஸ்காரன் எங்க போய்த் தொலைஞ்சான் என்பார். கம்ப்யூட்டர் அசையாத குரலில், ஷிஃப்ட் முடியாம எவனும் வெளிய போவ முடியாது என்று பதில் சொல்லும். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். எல்லாப் படத்திலும் ஒரு இடம் வரும். கதாநாயகன் நிமிர்வான், அவன் முகத்தில் வெளிச்சம் அடிக்கும். சரியாக அங்கே சித்தப்பா லேப்டாப்பை மூடிவிட்டு, “சுபம்” என்பார். கடைசியில் பேர் எல்லாம் ஓடுமே என்று ஒரு தடவை கேட்டேன். வெளிநாட்டுப் படத்தில் அதையெல்லாம் முதலிலேயே போட்டுவிடுவார்கள் என்றார்.

எங்கே மூடவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமென்றால், ஒவ்வொன்றையும் முதலில் தனியாகக் கடைசிவரை பார்த்திருக்க வேண்டும். இது செமினார் ஹால் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அப்போது அவர் ஒரகடத்தில் கார் சீட்டுக்கு ஃப்ரேம் செய்யும் கம்பெனியில் வெல்டர். கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல் சட்டை, பர்மனென்ட் ஆட்களுக்கு நீலச் சட்டை. தண்டலத்தில் அவருக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பெண் வீட்டார் ரொம்ப மரியாதையானவர்கள், மாட்டேன் என்று சொல்லவில்லை. நீலச் சட்டை வரட்டும், தட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். எங்கள் வீட்டில் சாமி கும்பிடுவதே அந்தச் சட்டைக்காகத்தான் என்று ஆகிப்போனது.

அந்த நேரத்தில் கம்பெனிக்கு ரோபோ வந்தது. வெல்டிங் செய்யும் ஒற்றைக் கை. அதற்கு வேலை கற்றுக்கொடுக்க லைனில் நல்லா வெல்டு அடிக்கிற ஆள் வேண்டும் என்று சூப்பர்வைசர் சித்தப்பாவைக் கூப்பிட்டார். ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தால் ஆயுத பூஜைக்குள் நீலச் சட்டைதான் என்றும் சொன்னாராம். அம்மா அன்றைக்குக் கேசரி கிண்டினாள்.

ஸ்கூலில் என் கெத்து எங்கேயோ போனது. மற்ற பசங்களின் அப்பா சித்தப்பாவெல்லாம் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார்கள், என் சித்தப்பா ரோபோவுக்கு வாத்தியார். எப்படிக் கற்றுக்கொடுப்பாய் என்று தினமும் நச்சரிப்பேன். கையில் ரிமோட் மாதிரி ஒரு பலகை இருக்கும், அதை அமுக்கி அந்தக் கையை ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோய் நிறுத்தி, இங்கே, இங்கே என்று பதியவைக்க வேண்டும் என்றார். அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து அ எழுத வைப்பார்களே, அந்த மாதிரிதானாம்.

அம்மாதான் சாதம் போட்டுக்கொண்டே ஒரு நாள் கேட்டாள்.

“ஏன் தம்பி, அது எல்லாத்தையும் கத்துகிச்சுன்னா உனுக்கு அங்க இன்னா வேலை?”

“அத்த மேய்க்க ஆளு வோணாமா அண்ணி?” என்றார் சித்தப்பா. அம்மாவும் சிரித்துவிட்டாள்.

ஆயுத பூஜை அன்று கம்பெனிக்குள் குடும்பத்தோடு போகலாம். வருசத்தில் அந்த ஒரு நாள்தான் கேட்டில் பையைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல், அதனால் நான் மட்டும் போனேன். எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. கன்வேயர் பெல்ட்டுக்குக்கூட பொட்டு வைத்திருந்தார்கள். ஐயர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு ரோபோவின் சக்கரத்தைத் தேடினார். அதற்குச் சக்கரம் இல்லை, தரையோடு போல்ட் போட்டிருந்தது. அதன் முன்னால் பழத்தை வைத்துத் தானே மிதித்துவிட்டு, ரோபோவின் கையில் ஒரு சாமந்தி மாலையை மாட்டினார். தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தது. நாங்கள் எல்லோரும் கோட்டுக்கு இந்தப் பக்கம்.

மேனேஜர் குழந்தைகளுக்குக் காட்டச் சொன்னார். வெல்டிங் இல்லாமல் சும்மா ஓடட்டும் என்று யாரோ பட்டனைத் தட்டினார்கள். மாலையைக் கழற்றவேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சாமிக்குப் போட்ட மாலையை யார் கழற்றுவார்கள்?

கை எழுந்தது. ஃப்ரேமின் ஓரமாக ஒரு கோடு போனது, திரும்பியது, இன்னொரு கோடு. ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் மணிக்கட்டை மேலே வெடுக்கென்று ஒரு உதறு உதறியது. சாப்பிட்டுக் கை கழுவியபின் சித்தப்பா தண்ணீரை உதறுவாரே, அச்சு அசல் அதே உதறல். நான் சந்தோசத்தில் சித்தப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அது உன்னை மாதிரியே பண்ணுது சித்தப்பா, பாரேன் என்றேன். அவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்த உதறலில் மாலை சுழன்றது. பூ தலைக்கு மேலே நாலாபக்கமும் பறந்தது. மேனேஜர் தலையில் சாமந்தி. பெண்கள் சிரித்தார்கள். அடுத்த உதறலில் மாலையின் நார் போய் வயரில் மாட்டிக்கொண்டது, கை இழுக்க இழுக்க வயரும் சேர்ந்து இழுபட்டது. நிறுத்துங்கப்பா, நிறுத்துங்கப்பா என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். பட்டன் பக்கத்தில் நின்ற பையன் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டான். கை யார் பேச்சையும் கேட்கவில்லை.

சித்தப்பா மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே போனார்.

கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

அவர் அவசரப்படவில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை கழுத்திலிருந்து கழற்றுகிற மாதிரி அந்த மாலையைக் கழற்றி, வயரை நீவிவிட்டு, வெளியே வந்தார். கோட்டைத் தாண்டியதற்கு சேஃப்டி ஆபீசர் முறைத்தார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

பிறகு ஷாமியானாவுக்குக் கீழே மேடை. மேனேஜர் பெயர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவராகப் போய் நீலச் சட்டை வாங்கினார்கள். சிலர் மேடையிலேயே சாம்பலுக்கு மேல் நீலத்தைப் போட்டுக்கொண்டார்கள். சித்தப்பா தலையைச் சீவிக்கொண்டார். நீலச் சட்டைகள் தீர்ந்தன. கடைசியாகத்தான் அவர் பெயர் வந்தது. நம்ம ரோபோவுக்கு குரு இவர்தான் என்று மேனேஜர் மைக்கில் சொல்லி, ஜரிகை போட்ட பொன்னாடையைப் போர்த்தினார். எல்லோரும் தட்டினார்கள். நான் பெஞ்சில் ஏறி நின்று தட்டினேன். மற்றவர்களுக்கெல்லாம் வெறும் சட்டை, என் சித்தப்பாவுக்குப் பொன்னாடை.

அவர் உடனே இறங்கவில்லை. கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார். மைக்கில் அடுத்ததாகக் குழந்தைகளுக்கு பலூன் உடைக்கும் போட்டி என்று அறிவித்தார்கள். அதற்கப்புறம்தான் இறங்கினார்.

மேய்க்க ஆள் வேண்டியிருக்கவில்லை. தீபாவளிக்கு முன்னாலேயே கேட்டில் அவர் கார்டு வேலை செய்யாமல் போனது. தண்டலத்துக்காரர்கள் அப்போதும் மரியாதையாகத்தான் இருந்தார்கள், பெண்ணுக்கு வேறு இடம் அமைந்துவிட்டது என்று ஆள் அனுப்பிச் சொன்னார்கள். அப்புறம் வேறு கம்பெனி, வேறு கலர் சட்டை, ஒவ்வொரு தடவையும் மறுபடி ட்ரெய்னி. லேப்டாப்பை யாருக்கோ விற்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் குடித்துவிட்டு அந்த ரூமில் படுத்திருப்பார். கதவைத் தட்டாதே என்று அம்மா என்னிடம் சொல்லிவைத்திருந்தாள்.

ஆனால் அன்றைக்கு, திரும்பி வருகிற பஸ்ஸில், எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? கான்ட்ராக்ட் ஆட்களின் பஸ். உள்ளே முழுக்கச் சாம்பல் சட்டைகள், மடியில் பொரி, ஸ்வீட் பாக்ஸ். நான் பொன்னாடையை வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டு, சீட் மேல் முட்டி போட்டு, பின்னால் திரும்பி மொத்த பஸ்ஸுக்கும் லெக்சர் அடித்தேன்.

“அத்தினி பேரு கத்துனீங்களே, அது நின்னுச்சா? எங்க சித்தப்பா கிட்ட போனாரு, டக்குனு நின்னுச்சு. அதுக்கு எங்க சித்தப்பாவ அடையாளம் தெரியும்.”

எதிர் சீட்டில் இருந்த ஆள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சித்தப்பாவைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

“தெரியும்தானே சித்தப்பா?” என்றேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியும்டா. அதுக்கு என்னை நல்லா தெரியும்.”

முன் சீட்டு அக்கா ஒருத்தி திரும்பி, தன் ஸ்வீட் பாக்ஸை அப்படியே என் மடியில் வைத்தாள். ரோபோ வாத்தியார் வீட்டுப் பையனுக்கு மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த மஞ்சள் கோட்டின் இரண்டு முனையிலும் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பம் உண்டு. நடுவில் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஓடிக்கொண்டிருக்கும். குறுக்கே எது போனாலும் மிஷின் நிற்கும். மேனேஜர் போனாலும் நிற்கும், தெருநாய் போனாலும் நிற்கும். கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் முதல் வேலையாக இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த பஸ்ஸில் அது தெரியாதவன் நான் ஒருத்தன்தான்.

பாக்ஸைத் திறந்தேன். ஜாங்கிரி. தின்றுவிட்டு, இன்னொன்று இருக்கிறதா என்று அந்த அக்காவிடம் கேட்டேன்.