சிரட்டைக் காவல்

பறவைகள் மேல் எனக்குப் பாசமெல்லாம் கிடையாது. பயத்தில்தான் தீனி வைத்தேன். ஆரையம்பதியில் எங்கள் வீட்டைக் கடல் அள்ளிக்கொண்டு போன அன்று, அதற்கு முன்பே பறவைகள் பறந்து போய்விட்டன என்று முகாமில் யாரோ சொன்னார்கள். அந்தப் பேச்சு என்னை விடவே இல்லை.

தகரக் கொட்டிலுக்குக் குடிவந்ததும் முதல் வேலையாகச் சர்க்கரைப் பாகு காய்ச்சி, குரக்கனையும் குறுணல் அரிசியையும் கொட்டிப் பிசைந்து, சிரட்டையில் அடைத்துக் காயவைத்தேன். அறுந்த வலைக் கயிற்றில் கட்டி முருங்கையில் தொங்கவிட்டேன். விடிந்ததும் புலுனிக் குருவிகள் கூட்டமாக வந்து கத்திக் கத்திக் கொத்தும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அடுப்பை மூட்டுவேன்.

ஒருநாள் வெயில் ஏறியும் ஒரு பறவையும் வரவில்லை. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "கடல் வருகுது, ஓடுங்க!" என்று கத்தியபடி கடலுக்கு எதிர்த்திசையில் வாவிப் பக்கம் ஓடினேன். தெருவே பின்னால் ஓடி வந்தது. வாவிக்கரையில் எல்லோரும் நின்றோம். அதற்கு அப்பால் ஓட இடமில்லை. நெடுநேரம் நின்றும் கடல் வரவில்லை.

திரும்பி வந்து பார்த்தால் சிரட்டை முழுக்கச் செவ்வெறும்பு. பாகு கூடிப்போயிருந்தது.

பக்கத்துக் கொட்டில் அக்கா, "உனக்கென்ன விசரா? எண்ட உசிரே போயிற்று!" என்று நடுத்தெருவில் நின்று ஏசினார்.

அன்று பின்னேரம் அவரே வந்தார். கையில் ஒரு வெறும் சிரட்டை. என் முகத்தைப் பாராமல் கேட்டார்:

"எறும்பு ஏறாம எப்பிடிப் புள்ள செய்யிற?"