ஊசித் துளைக்கும் நாங்களே பொறுப்பு

எங்களுடைய அலாரம் ஒப்பந்தத்தில் ஊசித் துளைக்கும் எண்ணெய்க் கறைக்கும் நாங்களே பொறுப்பு என்று எழுதியிருக்கிறது. தீ அலாரம் மாட்டுகிறவருக்கும் ஊசித் துளைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் வக்கீலும் அதைத்தான் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கு அவருடைய மேசையைத் தூக்கிக் கவிழ்த்துவிடலாமா என்று வந்தது. குடியிருக்கிற வீடு கைவிட்டுப் போய்விடுமா என்று கேட்கத்தான் நாங்கள் அங்கே போயிருந்தோம்.

நானும் என் வீட்டுக்காரரும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். அவர் பனியன் கம்பெனிகளில் எலெக்ட்ரீஷியனாக அலைந்து, பிறகு அலாரம் மாட்டிக் கொடுக்கிற கடையைச் சொந்தமாகப் போட்டார். இங்கே வேலைக்குக் குறைவில்லை. சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர்கள் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பும்போது தீ அலாரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லாவிட்டால் ஆர்டர் கிடையாது. தீக்குப் பயந்து அலாரம் மாட்டியவர்கள் குறைவு, ஆடிட்டுக்குப் பயந்து மாட்டியவர்கள்தான் அதிகம். கடையில் போன் எடுப்பது, பில் போடுவது எல்லாம் நான். அந்த வருமானத்தில்தான் சேவூர் ரோட்டுப் பக்கம் இந்த வீட்டைக் கட்டினோம். சித்தாளோடு சித்தாளாக நானும் செங்கல் சுமந்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, கூலி மிச்சமாகட்டும் என்றுதான் சுமந்தேன்.

ஒரு கம்பெனி எழுத்தில் ஒப்பந்தம் கேட்டபோதுதான் வினை ஆரம்பித்தது. இவருக்கு ஒப்பந்தம் என்றால் என்ன தெரியும்? திருப்பூரில் யார் வீட்டு பீரோவைத் திறந்தாலும் இருக்கிறது ஜாப் ஒர்க் ஒப்பந்தம்தான். வெட்டிய துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கிறவர், சரக்கு தன் கையில் இருக்கும்வரை அதற்கு என்ன ஆனாலும் தானே பொறுப்பு என்று எழுதிக் கொடுப்பது. தெரிந்த தையல் யூனிட்காரரிடம் அதில் ஒன்றை வாங்கி, டைப் அடிக்கிற இடத்தில் கொடுத்து, தையல் என்று வருகிற இடத்திலெல்லாம் அலாரம் என்று போடச் சொல்லிவிட்டார் மனிதர். அவர்களும் சமர்த்தாகப் போட்டுக் கொடுத்தார்கள். மற்றது எல்லாம் அப்படியே நின்றது. சரக்குக்கு ஏற்படும் எந்தச் சேதத்துக்கும் இரண்டாம் பார்ட்டியே, அதாவது நாங்களே, முழுப் பொறுப்பு என்ற வரியும் நின்றது. அந்தத் தாளைத்தான் வருஷக்கணக்காக எல்லாக் கம்பெனிக்கும் நீட்டினோம். கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர்கூட அதைப் படித்ததில்லை.

அப்படிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒரு பனியன் கம்பெனி முதலாளி எங்களுக்கு வேண்டியவர். இவரை முதன்முதலில் நம்பி வேலை கொடுத்தவர் அவர்தான். கொமரலிங்கம் என்ற ஊரில் அவருக்குத் தென்னந்தோப்பு உண்டு. அங்கிருந்து வரும்போதெல்லாம் எங்களுக்கும் தேங்காய் வரும். என்னை அம்மிணி என்பார், இவரைத் தம்பி என்பார். நான் ஊர்ப் பழக்கத்தில் அண்ணாச்சி என்று கூப்பிட்டால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். எங்கள் ஊரில் கோபம் வந்தால் தெருவுக்கே கேட்கும். இந்த ஊர் மனிதர்கள் 'இல்லை' என்பதைக்கூட 'இல்லீங்க' என்று எவ்வளவு பக்குவமாகச் சொல்கிறார்கள் என்று நான் வியந்ததே அவரைப் பார்த்துத்தான்.

பனியன் குடோனில் பஞ்சுத் தூசி சும்மா இருக்காது. புகையைக் கண்டுபிடிக்கிற கருவிக்குள் போய் உட்காரும், அது புகை என்று நினைத்துக் கத்த ஆரம்பித்துவிடும். அவருடைய குடோனில் அப்படி இரண்டொரு தடவை கத்தி, தையல்காரப் பெண்கள் எல்லாரும் வெளியே ஓடி வந்து வேலை நின்றது. ஆடிட் வருகிற வாரம் அவர் கடைக்குப் போன் செய்தார். எடுத்தது நான். ஆடிட்டர் இருக்கும்போது அது கத்தித் தொலைத்தால் மானம் போய்விடும், சைரனை மட்டும் கழற்றிவிடச் சொல்லுங்கள், அலாரம் பேனலில் விளக்கு எரியட்டும், ஷிப்மென்ட் போனதும் திரும்ப மாட்ட நானே கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றார். போனை இவரிடம் கொடுத்தேன். இவர் சொன்ன பதில் ஒரே வார்த்தை.

"சரிங்ணா."

இதை எழுதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள் என்று தலையால் அடித்துக்கொண்டேன். அண்ணனிடம் போய் எழுதிக் கேட்டால் என்ன நினைப்பார் என்று என்னையே முறைத்துவிட்டு, அன்றைக்கே போய்ச் சைரனைக் கழற்றிவிட்டு வந்தார். மரியாதை, மரியாதை. அந்த மரியாதையில்தான் இன்று குடி முழுகிக் கிடக்கிறது.

ஷிப்மென்ட் போகவில்லை. அதற்கு முந்தின ஞாயிறு மத்தியானம் குடோனில் தீப்பிடித்தது. பேனலில் சிவப்பு விளக்கு ஒழுங்காக எரிந்திருக்கிறது, பார்க்கத்தான் ஆள் இல்லை. சைரன் கத்தவில்லை. வாட்ச்மேன் முன் கேட்டில் இருந்தார். கூரைக்கு மேலே புகை தெரிந்த பிறகுதான் ஓடியிருக்கிறார். மாதா புண்ணியத்தில் ஒரு உயிருக்கும் ஒன்றுமில்லை. பெட்டி கட்டி வைத்த சரக்கு மொத்தமும் சாம்பல். நாங்கள் போய் நின்றபோது அவர் ஈரச் சாம்பலில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார். இவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர்தான் இவருக்கு ஆறுதல் சொன்னார்.

இன்சூரன்ஸ் கம்பெனி அவருக்குப் பணம் கொடுத்தது. நாங்கள் சந்தோஷப்பட்டோம், சத்தியமாகச் சொல்கிறேன். கொடுக்கும்போது அவரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள்: நஷ்டத்துக்கு வேறு யாராவது காரணம் என்றால், அவருடைய பெயரிலேயே அந்த ஆள் மேல் கேஸ் போட்டு, கொடுத்த பணத்தை வசூலித்துக்கொள்ளலாம் என்று. அந்த ஆள் நாங்கள். நோட்டீஸ் வந்தது, பிறகு சம்மன் வந்தது. முதல் வாதி அண்ணாச்சி, இரண்டாவது வாதி இன்சூரன்ஸ் கம்பெனி. அவர்கள் கேட்ட தொகையை இங்கே எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை.

வக்கீல் சிரித்து முடித்த பிறகு விஷயத்தைச் சொன்னார். இந்த மாதிரி ஒப்பந்தத்தில், அலாரம் வேலை செய்யாமல் போனால் எங்கள் பொறுப்பு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு போடவேண்டுமாம், உள்ளே இருக்கிற சரக்குக்கு நாங்கள் ஜவாப்தாரி இல்லை என்று எழுதவேண்டுமாம். நாங்களோ எல்லாவற்றுக்கும் நாங்களே என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். கடை இவருடைய சொந்தப் பெயரில் இருப்பதால் கடன் கடையோடு நிற்காது, தோற்றால் வீட்டை ஜப்தி செய்து ஏலத்துக்குக் கொண்டுவருவார்கள். வேறு வழியே இல்லையா என்று கேட்டேன். ஒரு வழி இருக்கிறது என்றார். சைரனைக் கழற்றச் சொன்னது நான்தான் என்று முதலாளியே சொல்லவேண்டும். போன் பேச்சுக்கு வேறு சாட்சி கிடையாது. நான் சொன்னால் பெண்டாட்டி சொல்கிறாள் என்பார்கள்.

அவர் சொல்லிவிடுவார் என்றுதான் நம்பினேன். கம்பெனிக்குப் போனோம். டீ வாங்கிக் கொடுத்து, கேஸ் போட்டது தான் இல்லை, எல்லாம் இன்சூரன்ஸ்காரர்கள் செய்வது, தனக்கு எங்கள் மேல் துளிக் கோபமும் இல்லை என்று உருகினார். போன் பேச்சை நான் எடுத்ததும், அப்போது ஆயிரம் டென்ஷன், என்ன பேசினேனோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே வந்து இவரைப் பிடித்து உலுக்கினேன். "வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டா என்ன? உங்களுக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு?" இவர் வண்டியை ஸ்டார்ட் செய்வதிலேயே குறியாக இருந்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் வாழ்ந்தது வாழ்க்கையா? பழைய ஒப்பந்தத்தை எல்லாம் திரும்ப வாங்கித் திருத்தலாம் என்று போனால், கேஸ் விஷயம் ஊருக்கே தெரிந்து ஒவ்வொருவராக வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். இவர் சாப்பாட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருப்பார். எங்கோ சைரன் கேட்டால் எழுந்துவிடுவார், ஆம்புலன்ஸாக இருந்தாலும். எனக்குக் கோபம் ஒன்றுதான் மிச்சம். அதை வைத்துக்கொண்டுதான் காலையில் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.

போன ஞாயிறு நாங்கள் கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அண்ணாச்சி வாசலில் நின்றார். பையில் தேங்காய். உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார். இளைத்திருந்தார். இந்தத் தடவை நான் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணாச்சி, கழத்தச் சொன்னது நீங்கதான். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அத மட்டும் கோர்ட்டுல சொல்லுங்க. எங்களுக்கு இந்த வீட்ட விட்டா ஒண்ணும் கிடையாது."

அவர் தண்ணீர் குடித்த செம்பைக் கீழே வைத்தார்.

"சொன்னா, குடுத்த பணத்தைத் திருப்பி வைன்னு இன்சூரன்ஸ்காரங்க என்னக் கேப்பாங்க அம்மிணி. அதெல்லாம் நூல் மில்லுக்கும் சாயப்பட்டறைக்கும் போயிருச்சுங்க. என்ற கம்பெனில நூறு குடும்பம் சோறு திங்குது. அத மட்டும் கேக்காதீங்க."

பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை அடித்துப் போட்டது. ஞாபகமில்லை என்று அன்று சொன்ன மனிதர் இன்று என் முகத்துக்கு நேராக ஒப்புக்கொண்டுவிட்டார், அப்படியும் எங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. திட்ட வாயெடுத்தால் அவருடைய கண் கலங்கியிருக்கிறது. யாரைத் திட்ட?

பிறகு, தான் வந்த காரியத்தைச் சொன்னார். "தம்பி, கேஸு எப்படிப் போனாலும் இந்த ஊட்ட வெளியாளு கைக்குப் போக உடமாட்டனுங்க. ஏலத்துக்கு வந்துச்சுன்னா எங்கயாவது பொரட்டி நானே எடுத்துக்கறேன். நீங்க பாட்டுக்கு இங்கயே இருங்க. வாடகையெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க."

மனதாரத்தான் சொன்னார். இரண்டு மூன்று நாள் தூங்காமல் யோசித்து, எங்களுக்காக ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் இவரைப் பார்த்தேன். ஏதாவது சொல்லுங்கள், எழுந்து ஒரு தடவை கத்துங்கள், நாற்காலியைத் தூக்கி எறியுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மனசுக்குள் மன்றாடினேன். இவர் தேங்காய்ப் பையை ஓரமாக நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்.

வழியனுப்ப வாசலுக்கு வந்தோம். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, கிளம்பாமல், வீட்டை ஒரு தடவை கீழிருந்து மேலே பார்த்தார். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு வெடிப்பு இருக்கிறது, அங்கேயிருந்து தண்ணீர் இறங்கிச் சுவரெல்லாம் கருத்துப்போயிருக்கிறது. கை வைக்கப் பணமில்லாமல் விட்டுவைத்தது.

"மழைக்கு முன்னால அதப் பூசிரோணுங்க தம்பி. விட்டா சொவரு வீணாப் போயிருமுங்க."

"சரிங்ணா" என்றார் என் வீட்டுக்காரர்.