ரசத்தில் போட்ட பெருங்காயம்

என் வீட்டுக்காரருக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொன்னதும் சப்பாத்தி, பரோட்டா, ரவை எல்லாவற்றையும் நிறுத்தினேன். குழைந்த சோறும் ரசமும்தான் கொடுத்தேன். அப்படியும் மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

சிங்கவரத்திலிருந்து நாத்தனார் வந்தார். அவருக்குத் தெரியாத வைத்தியம் செஞ்சி தாலுகாவிலேயே கிடையாது. ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னா ரசம் வெக்கிற? பெருங்காயம் பத்தல, வயிறு எப்படி கேக்கும்?" என்றார். அந்த மேதாவி சொன்னதை இந்த மேதாவியும் கேட்டேன். வேளைக்கு வேளை இரண்டு மடங்கு போட்டேன். மூன்றாம் நாள் வீட்டுக்காரர் குளியலறையில் மயங்கி விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, சமையலுக்குப் போடும் டப்பாக்களை எடுத்து வரச் சொன்னார். பெருங்காய டப்பாவைத் திருப்பிக் காட்டினார். கோதுமை மாவு சேர்த்தது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அத்தனை மாதமும் அந்தக் கோதுமையை ரசத்தோடு என் கையாலேயே ஊற்றியிருக்கிறேன்.

இப்போது மிளகு, சீரகம் மட்டும் தட்டிப்போட்டு ரசம் வைக்கிறேன். பின்பக்கம் படிக்காமல் எதையும் வாங்குவதில்லை. அவரும் தேறிவிட்டார்.

போன வாரம் நாத்தனார் மறுபடி வந்து, "ரசத்துல வாசனையே இல்ல" என்றார். எடுத்து வைத்திருந்த அந்தக் காலி டப்பாவை நீட்டி, படிக்கச் சொன்னேன்.

"கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன்" என்றார்.

வாயை மட்டும் ஒருநாளும் மறந்துவிட்டு வந்ததில்லை.