ஒரு பாட்டு, ஒரு பக்கம்

பக்கவாதம் என் மனைவியின் வலக்கையையும் பேச்சையும் ஒரே காலையில் எடுத்துக்கொண்டது. விளக்கேற்றியபின் இருவரும் பதிகம் ஓதுவது எங்கள் இல்லத்து வழக்கம். அவள் ஓரடி, நான் மறுவடி. அன்றுமுதல் என் அடிகள் மட்டும் ஒலித்தன.

“அவங்க மனசுல ஊறினத பெருசா அச்சடிச்சு கையில குடுங்க. பாத்து, வாய்விட்டுச் சொல்லட்டும். மொத சில மாசத்த விட்டுட்டா பேச்சு திரும்பறது கஷ்டம்” என்றார் பேச்சுப் பயிற்சி தரும் மருத்துவர். அந்த மாதங்கள் கரைந்துகொண்டிருந்தன.

செஞ்சிப் பேருந்து நிலையத்தின் எதிரே உள்ள கணினிக் கடையில் பதிகத்தை அச்சிட்டு வாங்கினேன். ஒவ்வொரு தாளின் தலையிலும் எங்கள் பூசையறை இறைவனின் படம் இருக்கவேண்டும் என்று கேட்டிருந்தேன். வீட்டில் அவள் முதற்பாட்டின் மூன்றடிகளைத் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். என் கண்கள் நிறைந்தன. நான்காம் அடி அடுத்த தாளில் இருந்தது. தாளைப் புரட்டினேன். அறியாத ஊரில் இறக்கிவிடப்பட்டவள்போல் அதைப் பார்த்தாள், வாய் மூடிக்கொண்டது. மறுநாளும், அதற்கடுத்த நாளும் அந்த விளிம்பிலேயே அவள் விழுந்தாள். பின்னர் தாளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மீண்டும் கடைக்கு ஓடினேன். அமாவாசை நாள், மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகும் பேருந்துகளுக்கான கூட்டம் கடைவாசல்வரை நின்றது.

“ஒரு பாட்டு ஒரே தாளில் அடங்கவேண்டும், அம்மா” என்றேன்.

கடைக்காரப் பெண் திரையைக் காட்டினாள். “பாட்டு முடியற எடத்துல பேஜ் பிரேக் குடுத்துடலாம், ஐயா. ஆனா எழுத்து முப்பத்தாறு பாயின்ட்ல இருக்குது. நாலடியும் உள்ள நிக்கல. கொஞ்சம் கொறைக்கட்டா?”

“குறைத்தால் என் மனைவியின் கண்ணுக்குத் தெரியாது.”

தாளைக் கிடைமட்டமாக்கினாள். அடிகள் மடங்காமல் நீண்டன. ஆயினும் ஈற்றடி வெளியே தள்ளப்பட்டது. எழுத்துருவை மாற்றினாள், கொம்பும் காலும் நெருங்கி ஒன்றின்மேல் ஒன்று ஏறின. ஓரங்களில் விடும் மார்ஜினைச் சுருக்கினாள். அச்சுப்பொறி தாளின் விளிம்புவரை எட்டாமையால் கடைசி எழுத்துகள் பாதியாய் அறுந்து வந்தன. பிழைபட்ட தாள்களை அவள் கூடையில் போட்டாள். நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் வைத்தேன்.

“இன்னா ஐயா, குப்பையையும் எடுத்துக்கினு போறீங்க?”

“சாமி படம் இருக்கிறதே, அம்மா. குப்பையில் கிடக்கலாமா?”

பட்டா நகலுக்காகக் காத்திருந்த விவசாயி ஒருவர் பொறுமையிழந்தார். “பெரியவரே, உங்க சாமி ஒக்கார எடம் தேடறதுக்குள்ள என் பஸ்ஸு போய்டும். என் பட்டாவ எடுத்து வுடச் சொல்லுங்க.”

“இருண்ணா, அவசரத்துல பொறந்தவனே!” என்ற அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்தது. “ஐயா, கோச்சிக்காதீங்க. அந்தப் படந்தான் மேல எடத்த அடைச்சிக்கினு இருக்குது, சின்னதாக்கனாலும் கடைசி அடி உள்ள வரல. போன்ல எடுத்த சின்னப் படம் வேற, இழுத்துப் பெருசாக்கனா புள்ளி புள்ளியா ஒடையுது. அத எடுத்துட்டா நாலடியும் உள்ள வந்துடும்.”

சாமியை எடுப்பதா? வாய்வரை வந்த மறுப்போடு அந்தத் தாளைப் பார்த்தேன். எம்பெருமானின் திருமுகம் கருஞ்சதுரங்களாகச் சிதறிக் கிடந்தது. உன்னைப் பாடிய வாயை நீயே பூட்டினாய். அது திறக்கவேண்டிய இடத்தையும் நீயே அடைத்துக்கொண்டு நிற்கிறாயே என்று நெஞ்சுக்குள் கதறினேன். இவ்வளவு காலமும் அவனிடம் நான் பேசியது துதி ஒன்றுதான். அன்று பேசியது வழக்கு.

“எடுத்துவிடுங்கள், அம்மா” என்றேன். அந்த விவசாயி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

வீடு சேர்ந்து, அவள் மடியில் தாளை வைத்தேன். நெடுநேரம் திரும்பாதிருந்தவள், பின்பு இடக்கை விரலை முதலடியில் ஊன்றினாள். முதலடி வந்தது. இரண்டாவது, மூச்சு வாங்கி வந்தது. மூன்றாம் அடி பாதியில் அறுந்தது. இம்முறை தாள் முடியவில்லை, அவள்தான் நின்றுபோனாள். இனி நான் எந்தக் கடைக்கு ஓடுவேன்? தாங்கமாட்டாமல் எஞ்சிய சீர்களை நானே ஓதத் தொடங்கினேன்.

அவள் இடக்கையை எடுத்து என் வாயைப் பொத்தினாள். கண்களில் சினம். கையை எடுக்காமலேயே, முதலடியிலிருந்து மீண்டும் தொடங்கினாள்.