ராஜா வராத கட்டில்

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் உள்ள தோர்லிங் மாளிகையில் எழுபத்திரண்டு அறைகள். பாதிக்கு மேற்பட்டவற்றில் நாற்காலிகள் மட்டுமே குடியிருந்தன. அவற்றுக்கு வெள்ளை உறை, வெயில் படாமல் சன்னல் திரை, ஈரம் ஏறாமல் அக்டோபர் முதலே கணப்பில் நெருப்பு. ஹெஸ்டர் ப்ளிம்மர் முப்பத்தெட்டு ஆண்டுகள் அந்த நாற்காலிகளுக்குப் பணிவிடை செய்தவள். அவளுடைய அறை கூரைக்கடியில் இருந்தது. அங்கே கணப்பு கிடையாது. ஜனவரியில் முகம் கழுவும் தண்ணீர்மேல் பனி ஏடு கட்டியிருக்கும்.

எல்லாவற்றிலும் செல்லப்பிள்ளை ராஜா கட்டில்தான். இருநூறு ஆண்டுகளுக்கு முன், விருந்துக்கு வருவதாகச் சொன்ன ராஜாவுக்காகச் செய்தது. வழியில் ஜலதோஷம் பிடித்து அவர் பாதியிலேயே திரும்பிவிட்டார். வராதவரைப் பற்றி அந்தக் குடும்பம் இன்றுவரை பெருமையடித்துக்கொள்கிறது.

அந்த இலையுதிர்காலத்தில் ஹெஸ்டரின் மார்பில் காது வைத்துக் கேட்ட மருத்துவர், மாடி அறையில் இன்னொரு குளிர்காலம் அவள் தாங்கமாட்டாள் என்றார். அவள் முதன்முறையாக எஜமானி லேடி ஸ்ட்ரெட்டனிடம் ஒன்று கேட்டாள்.

"கணப்பு இருக்கற சின்ன ரூமா ஒண்ணு, குளிர் முடியற வரைக்கும்மா."

"காலியா எதுவும் இல்லியே, ஹெஸ்டர்."

"நீல அறைல யாரும் இல்லீங்களேம்மா."

"அங்க பட்டுத் திரை இருக்கே. மனுஷ மூச்சு பட்டா வீணாயிடும்."

சமையல்காரி பெக் இதைக் கேட்டும் மாவு பிசைவதை நிறுத்தவில்லை. "உன் மூச்சு நின்னா பரவால்லியாம். நீ சோபாவாப் பொறந்திருக்கணும்டி."

அன்றிலிருந்து ஹெஸ்டர் ராஜா கட்டிலில் படுத்தாள். கட்டிலுக்காக எரிந்த நெருப்பு அவளுக்கும் எரிந்தது. விடியுமுன் எழுந்து, இறகு மெத்தையை உதறித் தட்டி, தூசித் துணியைப் பழையபடி போர்த்திவிடுவாள். தப்பு செய்கிறோமே என்ற உறுத்தல் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் இருமல் குறைந்தது, உறுத்தலும் குறைந்தது.

ஏப்ரலில் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு நிபுணர் வந்தார். நீல அறை மெத்தையில் பூஞ்சை. பட்டுத் திரையில் பூச்சி. ராஜா கட்டிலில் மட்டும் கையை அழுத்தி, முகர்ந்து பார்த்து, அசந்துபோனார்.

"இது மட்டும் எப்படி இவ்வளவு உலர்வா இருக்கு?"

"இருநூறு வருஷமா மனுஷ உடம்பு இது மேல பட்டதில்ல," என்றாள் எஜமானி. "அதான்."

ஹெஸ்டர் கதவோரம் துடைக்கும் துணியோடு நின்றாள்.

"வர்ற குளிருக்கும் இதே மாதிரி பாத்துக்கணும், ஹெஸ்டர். ஒரு நாள்கூட விடக் கூடாது."

"விடமாட்டேம்மா."

விடவில்லை. மேலும் பதினொரு குளிர்காலம் இருந்தாள். போன செவ்வாய்க்கிழமை மாளிகை வேலைக்காரர்கள் நாங்கள் அவளை அடக்கம் செய்தோம். எஜமானி மலர்வளையம் அனுப்பியிருந்தாள். அட்டையில், 'எங்கள் பொருட்களின் உண்மையான காவலாளிக்கு' என்றிருந்தது. பெக் அதைப் படித்துவிட்டு, என் பக்கம் சாய்ந்தாள்.

"அந்த ராஜாவே வந்திருந்தாலும் ஒரு ராத்திரிதான் படுத்திருப்பான்."