கப்பலிலிருந்து மூன்று முறை இறங்கியவள்

1974 நவம்பர் 17, ஞாயிறு, மாலை ஆறு முப்பத்தைந்து. கிழக்கிலிருந்து சாரல். படப்பையில் நான் மேனேஜராக இருந்த டூரிங் டாக்கீஸ் கூடாரம் நான்கு இடங்களில் ஒழுகியது.

பர்மாவிலிருந்து அகதியாக வந்த ஒருத்தி யார் தயவுமின்றித் தையல் தைத்துப் பிழைக்கும் படம் அது. பெண்கள் பக்கத்தில் நான்காம் நாளாக ஒருத்தி மணலில் உட்கார்ந்திருந்தாள். அவளும் பர்மாவிலிருந்து வந்தவள்தான். உள்ளூர்க்காரனைக் கட்டி அடிபட்டுக்கொண்டிருந்தாள்.

ஏழரைக்கு அவள் புருஷன் வாசலில் நின்றான்.

"இன்னா சார், என் பொண்டாட்டி உள்ள கீறா. வெளிய அனுப்பு."

"படம் ஓடுறப்போ பொம்பளைங்க பக்கம் ஆம்பள போகக்கூடாதுப்பா."

"முடியட்டும். இங்கியே குந்திகினு கீறேன். இன்னிக்கு அவ கால ஒடைக்காம போமாட்டேன்."

பெண்கள் பக்கம் டிக்கெட் கிழிக்கும் ஆயா ஓடி வந்தாள். "சார், அந்தப் பொண்ணுக்குத் தாம்பரத்துல தையல் கம்பெனியில வேலை கெடச்சிகீது. தங்க இடமும் தராங்களாம். ஒம்போதே காலுக்குத்தான் பஸ்ஸு."

படம் எட்டே முக்காலுக்கு முடியும். முடிந்தால் அரை மணி நேரம் அவள் அவன் கையில். ஆபரேட்டரிடம் ஓடினேன். "கடைசி ரீலைப் போடாதே. முதல் ரீலை மறுபடி ஓட்டு."

"சார், டென்ட்டைக் கொளுத்திடுவாங்க!"

"ஓட்டுப்பா."

கதாநாயகி மறுபடியும் கப்பலிலிருந்து இறங்கினாள். ரீல் மாறிவிட்டது என்று கத்திச் சொன்னேன். அது முடிந்ததும் அதையே மூன்றாம் முறை போடச் சொன்னேன்.

"யோவ் மேனேஜரு! அவ எத்தினி வாட்டிதான்யா கப்பல்லேந்து எறங்குவா? கீழயே வுட்டுடுய்யா, பாவம்!"

மண் உருண்டைகள் பறந்தன. என் கடிகாரம் நின்றுவிட்டதோ என்று இரண்டு முறை காதில் வைத்துப் பார்த்தேன். ஒன்பது பதினெட்டுக்குப் பஸ் ஹாரன் கேட்டது. ஆயா பின்பக்கப் படுதாவைத் தூக்கிப் பிடித்தாள். மழையில் ஒரு புடவை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. பஸ் கிளம்பியது.

கடைசி ரீலைப் பார்க்க யாரும் இருக்கவில்லை. காசைத் திருப்பிக் கேட்டார்கள். பெண்கள் எல்லோரும் வெளியே வந்த பிறகு புருஷன் உள்ளே பாய்ந்தான். ஆளைக் காணாமல் கத்தியால் திரையை மேலிருந்து கீழ்வரை கிழித்தான்.

அவள் தாம்பரம் போய்ச் சேர்ந்தாளா, அந்த வேலை உண்மையாகவே இருந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதலாளி என் சம்பளத்தில் பிடித்தார். டிக்கெட் காசு அறுபத்தொரு ரூபாய் நாற்பது பைசா, திரைக்கு நூற்று எண்பத்தைந்து. ஆக மொத்தம் இருநூற்று நாற்பத்தாறு ரூபாய் நாற்பது பைசா.