கடலில் குடியிருந்த ரேச்சல்

முப்பத்துநாலு வயதுவரை தானாகக் கடற்கரைப் பக்கமே போகாமல் வட்டுக்கோட்டையில் இருந்த ரேச்சல், கலியாணம் முடிந்த கையோடு கடலில் குடிபோனாள். ஊரில் பலர் அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டார்கள். அவளுக்கு அது பகிடியாக இருக்கவில்லை.

அவளுடைய தகப்பன் கிளரன்ஸ் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். அவள் பாலர் வகுப்பு ரீச்சர். ஐந்து வயதில், தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடப்பெயர்வில், குடும்பம் கிளாலிக் கடலால் வன்னிக்குக் கடந்தது. இயந்திரம் பூட்டிய வள்ளம் ஒன்று முன்னே போக, மற்ற வள்ளங்களைக் கயிற்றில் தொடுத்து இழுத்துப்போவார்கள். இருட்டில் கயிறு அறுந்து இவர்களின் வள்ளம் தனித்துவிட்டது. கடற்படைக்குப் பயந்து விளக்குக் கொளுத்த முடியாது, கூப்பிடவும் முடியாது. தாயின் மடியில் இருந்த பிள்ளைக்கு இடுப்புவரை தண்ணீர் ஏறியது. விடியும்போது யாரோ கண்டு இழுத்துக் கரைசேர்த்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கடல்மேல் போகும் பண்ணைப் பாலத்தால் பஸ் போனாலும் ரேச்சல் கண்ணை மூடிக்கொள்வாள்.

மாப்பிள்ளை தனுஷன் மெல்பேணில் இருந்தவன். ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவன் என்பதால் அவனுடைய தமிழும் ஒன்பது வயதோடு நின்றிருந்தது. சின்னப் பிள்ளைகள் கதைப்பதுபோலக் கதைப்பான், ஆனால் மனைவியை மட்டும் தகப்பன்மாரைப் போல "நீர்" என்பான். சொந்தமாக ஒரு பாய்மரப் படகு வாங்கி, ஒரு நண்பனோடு இந்தோனேசியாவால் சுற்றி ஓட்டிவந்து, வாங்கவேண்டிய அனுமதியெல்லாம் வாங்கி யாழ்ப்பாணத்துக் குருநகருக்கு முன்னால் நங்கூரம் போட்டிருந்தான். அடிக்கட்டையை மேலே தூக்கக்கூடிய படகு என்றபடியால் அந்த ஆழமில்லாத கடலிலும் நிற்க முடிந்தது. நண்பன் விமானம் ஏறிப் போய்விட, தனுஷன் தனியே அதில் இருந்தான். கலியாணத்துக்கு முன்னும் ஓர் இரவுகூட அவன் கரையில் தங்கவில்லை.

கலியாணப் பேச்சு நடந்தபோது தொலைபேசியில் அவன் கேட்டது ஒன்றுதான். படகில் இருக்கப் பயமில்லையா என்றான்.

"பழகீடுவன்," என்றாள் ரேச்சல்.

முன்பு வந்த மூன்று நாலு பேச்சுக்கள் ஒவ்வொரு காரணத்தால் குழம்பிப்போயிருந்தன. இதையும் குழப்ப அவளுக்கு மனம் வரவில்லை. அவனுடைய குரலும் பிடித்திருந்தது. நீந்தத் தெரியுமா என்று அவன் கேட்கவில்லை, அவள் சொல்லவும் இல்லை.

படகின் உள்ளே எல்லாம் இருந்தன. சமைக்க ஒரு மூலை, படுக்க முக்கோணமாய் ஓர் இடம், கையால் அடித்துத் தண்ணீர் இறைக்கும் கழிப்பறை. ரேச்சலுக்கு அவை பிரச்சினையாக இருக்கவில்லை. படுத்தால் காதுக்கும் கடலுக்கும் இடையில் விரல் தடிப்பில் ஒரு சுவர்தான் இருந்தது. அந்தச் சுவரில் தண்ணீர் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தது. அடையாள அட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, உடுத்த உடுப்போடு படுத்தாள். எந்த நேரமும் எழும்பி ஓடத் தயாராக இருப்பது சிறுவயதுப் பழக்கம். இங்கே ஓட இடமில்லை என்பது நினைவுக்கு வந்ததும் எழும்பிக் குந்திவிடுவாள். தனுஷனோ பக்கத்தில் குழந்தையைப் போல நித்திரை கொள்வான்.

காலையில் சின்ன ரப்பர் படகை வலித்துக் கரைக்குப் போவார்கள். அதில் இறங்கும் நிமிடம் அவளுக்குச் செத்துப் பிழைப்பதுபோல இருக்கும். ஆனால் குருநகர் இறங்குதுறையின் சீமெந்தில் கால் பட்டதும் அவள் வேறு ஆளாகிவிடுவாள். வட்டுக்கோட்டைக்காரிக்கு யாழ்ப்பாணம் தெரியாதா என்று எல்லாரும் நினைத்தார்கள், அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். உண்மையில் அவளுக்குத் தெரிந்திருந்தது பஸ் நிலையமும் ஆஸ்பத்திரியும் இரண்டு சேலைக்கடைகளும்தான். இப்போது கணவனோடு மாடிக்குடியிருப்புகளுக்குப் பின்னால் வலை காயும் ஒழுங்கைகளில் நடந்தாள். பெரியகடையில் கருவாட்டுக்காரியிடம் விலை பேசினாள். கோட்டை மதில்மேல் ஏறி, தூரத்தில் ஊசிபோல நின்ற தங்கள் பாய்மரத்தைப் பார்த்தாள். கரையில் நின்று பார்க்கும்போது அது அழகாகத்தான் இருந்தது.

தனுஷன் ஒவ்வொரு தெருவின் பெயரையும் கேட்பான், கேட்டு வாய்க்குள் சொல்லிப் பார்ப்பான். ஆனால் சுண்டுக்குளிப் பக்கம் மட்டும் போகமாட்டான். பிறகு போவம் என்பான். வெயில் சாயத் தொடங்கினால் அவனுக்கு இருப்புக் கொள்ளாது. நல்லூரில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தன்னுடையதைப் பாதியில் எறிந்துவிட்டு எழும்பிய நாளும் உண்டு. படகின்மேல் அவ்வளவு பிரியம் என்று ரேச்சல் நினைத்துக்கொண்டாள். அவள் மட்டும் ஏதாவது சாட்டுச் சொல்லிக் கரையில் இன்னும் கொஞ்சம் நிற்கப் பார்ப்பாள்.

இப்படியே ஆனி மாதம் வந்தது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பும் காலம். ஒருநாள் இயந்திரத்தின் தண்ணீர்ப் பம்பி பழுதாகிவிட்டது. அதைக் கழற்றிக்கொண்டு, திருத்தக்கூடிய ஆள் தேடித் தனுஷன் யாழ்ப்பாண ரவுணுக்குப் போனான். ரேச்சலுக்கு இலேசாகக் காய்ச்சல் இருந்ததால் அவள் படகிலேயே நின்றாள். தனியே நிற்பது அதுதான் முதல் தடவை. கதவைச் சாத்திக்கொண்டு, சிவப்பு மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, போர்வைக்குள் சுருண்டாள். வீட்டுக்குள் மிதவைச் சட்டையோடு படுத்திருப்பதை அவன் பார்த்தால் வெட்கம். அவன்தான் இல்லையே.

மதியத்துக்குப் பிறகு காற்றின் சத்தம் மாறியது. கம்பிகள் ஊளையிட்டன, கோப்பைகள் தட்டில் ஓடின. இதெல்லாம் வழக்கம்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு தலையைத் தூக்கினாள். சிறிய வட்ட யன்னலில் எப்போதும் தெரியும் மாடிக்குடியிருப்புகளைக் காணவில்லை. படகு சுற்றி நிற்கிறதாக்கும் என்று எதிர்ப்பக்க யன்னலால் பார்த்தாள். அங்கேயும் இல்லை. எழும்பிக் கதவைத் திறந்தபோது குருநகர் பின்னால் போய்க்கொண்டிருந்தது. நங்கூரம் சேற்றைப் பிய்த்துக்கொண்டு வர, படகு காற்றின் போக்கில் கிழக்கே இழுபட்டுக்கொண்டிருந்தது.

தொலைபேசியில் அவனுடைய பெயரை அழுத்துவதற்குள் விரல் நாலு தரம் பிழைத்தது. நடந்ததைக் கேட்டுவிட்டுத் தனுஷன் ஓடிக்கொண்டே கதைத்தான்.

"முன்னாலை போய்ச் சங்கிலியை இன்னும் விடும். ஒரு கொளுக்கி இருக்கு, அதைத் தட்டினாச் சரி."

"என்னாலை முன்னுக்குப் போக ஏலாது."

"ஏன்?"

"எனக்கு நீந்தத் தெரியாது. வந்த நாளிலையிருந்து பயந்து பயந்துதான் இருக்கிறன்."

அவன் மூச்சு வாங்க வாங்கச் சொன்னான்: "அப்ப உள்ளுக்கை போய் இரும். ஒண்டும் செய்யவேண்டாம். நான் வாறன்."

அவள் உள்ளே போகத்தான் திரும்பினாள். அப்போதுதான் பாசையூர்ப் பக்கம் கடலில் வரிசையாகக் கம்பு நட்டுக் கட்டியிருந்த மீன்வலைகளைக் கண்டாள். படகு நேரே அவற்றை நோக்கிப் போனது. உள்ளே போய்க் கதவைச் சாத்தி, மோதும் சத்தத்துக்காகக் காத்திருப்பதை நினைக்க அது இன்னும் பயமாக இருந்தது. தொலைபேசியைச் சட்டைக்குள் போட்டுவிட்டு, முழங்காலில் தவழ்ந்து முன்னே போனாள். ஒவ்வொரு அலைக்கும் முகத்தில் உப்புத்தண்ணீர் அடித்தது. மூக்கால் வடிந்தது கடல்தண்ணீரா கண்ணீரா என்று தெரியவில்லை. தெரிந்த வேதாகமச் சங்கீதத்தைச் சொல்லப் பார்த்தாள், முதல் வரிக்குமேல் ஒன்றும் வரவில்லை. கொளுக்கியைக் கையால் தட்டினாள், அசையவில்லை. செருப்பைக் கழற்றி அடித்தாள். சங்கிலி கடகடவென்று ஓடியது. படகு ஒருதரம் இழுத்துப் பிடித்ததுபோல நின்று முகத்தைத் திருப்பியது. பிறகு மறுபடியும் வழுகியது, ஆனால் முன்னைய வேகம் இல்லை. கம்புகளில் ஒன்றிரண்டை முறித்துக்கொண்டு வலைகளின் ஓரத்தால் தப்பிப் போனது.

எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று அவளால் பிறகு சொல்ல முடியவில்லை. பாய்மரத்தைக் கட்டிப்பிடித்தபடி இருந்தாள். கடைசியில் அடியில் ஏதோ உரசி, படகு நின்று, மெல்ல ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. தாழப்போகிறது என்றே அவள் முடிவுகட்டினாள்.

சாய்ந்த பக்கத்தில், கடலுக்குள், ஒரு பொம்பிளை நடந்து வந்துகொண்டிருந்தாள்.

ஐம்பது வயது மதிக்கலாம். தலையில் துவாய், இடுப்பில் கட்டிய கயிற்றில் பின்னால் மிதந்துவந்த பிளாஸ்ரிக் கான். அரியாலைக் கடலில் றால் தடவிப் பிடிக்கும் லூர்த்தம்மா அவள். தண்ணீர் அவளுடைய இடுப்புக்குச் சற்று மேலேதான் நின்றது. ரேச்சல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கண் கண்டதை மனம் ஏற்கவில்லை.

"இறங்கு பிள்ளை," என்றாள் லூர்த்தம்மா. "இஞ்சை சேறுதான். உந்தத் தடி ஆடுற ஆட்டத்துக்கு உதிலை நிண்டா மண்டை உடையும்."

பாயின் அடிக்கழி கட்டவிழ்ந்து இரண்டு பக்கமும் வீசிக்கொண்டிருந்தது உண்மைதான். ரேச்சல் தனக்கு ஏலாது என்றாள். கிளாலி என்றாள், வள்ளம் என்றாள், கயிறு அறுந்தது என்றாள், சொன்னது ஒழுங்காகச் சேரவில்லை. லூர்த்தம்மா அதைக் கேட்டுவிட்டு, நாங்களும் அதாலைதான் போனனாங்கள் என்று மட்டும் சொன்னாள். இழுக்கவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. காற்றுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு படகின் விளிம்பில் கையை வைத்தபடி நின்றாள்.

அடிக்கழி மீண்டும் தலைக்குமேலால் விசுக்கென்று போனபோது ரேச்சல் இறங்கினாள். கால் தேடிய அந்த ஒரு கணத்தில் அடியே இல்லைப்போல இருந்தது. பிறகு விரல்களுக்கிடையில் சேறு பிதுங்கியது. அவள் லூர்த்தம்மாவின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதாள். இடுப்புக்கு மேல் நின்ற தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கரை வரும்வரை அவள் பிடியை விடவில்லை. கழுத்து நோகுது பிள்ளை என்று லூர்த்தம்மா சொன்ன பிறகும் விடவில்லை.

குருநகரில் தனுஷன் முதலில் கண்ட மீனவர் அடைக்கலநாதன். தன்னுடைய இயந்திர வள்ளத்தில் அவனை ஏற்றிக்கொண்டு வந்தவரும் அவர்தான். அவர்கள் வந்து சேர்ந்தபோது படகு சரிந்து கிடந்தது, உள்ளே ஒருவரும் இல்லை. தனுஷன் அலுமாரிக் கதவுகளைக்கூடத் திறந்து பார்த்தான். பிறகு தண்ணீருக்குள் பாய்ந்து படகின் அடியெல்லாம் கையால் துழாவினான். கரையில் ஒரு சிவப்புச் சட்டை தெரிகிறது என்று அடைக்கலநாதன் கத்தியது அவனுக்குக் கேட்கவே இல்லை. அவர் குதித்துத் தோளைப் பிடித்துத் திருப்பிக் காட்டவேண்டியிருந்தது.

தலையிலிருந்து கால்வரை சேறாக அவன் கரைக்கு வந்தான். ரேச்சலைத் தொடாமல் முன்னால் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

படகை அடுத்த நாள் கடல்வெள்ளம் ஏறும்போதுதான் இழுக்கலாம் என்று அடைக்கலநாதன் சொன்னார். லூர்த்தம்மா தன்னுடைய வீட்டில் பாயும் தலையணையும் எடுத்துப் போட்டாள். பொழுதுபடத் தொடங்க, தனுஷன் முற்றத்தில் ஒரு கதிரையைப் போட்டு அதில் நிமிர்ந்து இருந்தான். உள்ளே வந்து படுக்கச் சொல்லி ரேச்சல் கூப்பிட்டாள்.

"இஞ்சை படுக்க என்னாலை ஏலாது," என்றான் அவன். "இந்த மண்ணிலை கண்ணை மூடினா அந்தச் சத்தம் வரும்."

சுண்டுக்குளியில் இருந்த அவர்களுடைய வீட்டில், எல்லாரும் நித்திரையாக இருந்தபோது ஷெல் விழுந்ததை அவன் அப்போதுதான் சொன்னான். பக்கத்தில் படுத்திருந்த தங்கச்சி வசந்தினிக்கு ஆறு வயது. அவன் எழும்பும்போது அவள் உயிரோடு இல்லை. ஊரைப் பார்க்க வேண்டும் என்று அத்தனை வருடமும் ஆசையாக இருந்ததாம். படுக்க மட்டும் பயம். அதனால்தான் படகு. அவன் அதை ஒன்பது வயதுத் தமிழில், அங்கங்கே சொல் கிடைக்காமல் சொன்னான். ரேச்சல் இன்னொரு கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் இருந்தாள்.

மறுநாள் மூன்று வள்ளங்கள் சேர்ந்து படகை இழுத்து மிதக்க விட்டன. பெரிய சேதம் இல்லை. முறிந்த கம்புகளுக்குப் பதில் தனுஷனே பாசையூர்க்காரர்களோடு இறங்கிப் புதுக் கம்பு நட்டான். அடுத்ததாக இருவரும் படகில் கொச்சிக்கு ஓடுவதாக இருந்த பயணத்தை ரேச்சல் சொல்லும்வரை பின்போட்டார்கள். அவள் இன்னும் சொல்லவில்லை.

இப்போது இரண்டு நங்கூரம் போட்டிருக்கிறார்கள். அவள் சமைக்கும்போதும் மிதவைச் சட்டையோடு நிற்கிறாள், மறைப்பதில்லை. சனிக்கிழமைகளில் அரியாலைக்குப் போய் லூர்த்தம்மா றால் தடவும் இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாள். முகத்தைத் தண்ணீருக்குள் வைக்க இன்னும் துணியவில்லை. காற்று எழும்பும் நாட்களில் அவள் கேட்காமலே தனுஷன் அவளை வட்டுக்கோட்டைக்குக் கூட்டிப்போகிறான்.

சென்ற கிழமை அங்கே போனபோது, விறாந்தையில் இரவு முழுக்கக் கதிரையில் இருந்த தனுஷன் விடியப்புறம் தன்னையறியாமல் கண்ணயர்ந்துவிட்டான். மாமனார் கிளரன்ஸ் கதவைத் திறந்த சத்தத்தில் அலறிக்கொண்டு எழும்பினான். ரேச்சல் ஓடிவந்து அவனுடைய கையைப் பிடித்தாள். தகப்பன் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனார்.